மூன்று வழிகளும் இரண்டு சமையலறைகளும்

என் கணவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. "அது எங்க இருக்கு?" என்று இந்தியில் கேட்டேன். திருப்பத்தூரிலிருந்து இந்த மராட்டி ஊருக்கு வந்தவர்கள் நாங்கள், முப்பத்தேழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவருடைய உடம்பில் அப்படி ஓர் உறுப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. இவருக்கும் சரியாகத் தெரியாது என்பது முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். மூத்திரப்பை, அதற்குக் கீழே ஒரு சின்ன உருண்டை, உருண்டையின் நடுவே புகுந்து போகும் குழாய். "இதுதான். அக்ரோட் கொட்டை அளவு" என்றார். உருண்டையின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல மெல்லிய கோடுகள் போட்டார். அவை நரம்புகளாம். எதற்கான நரம்புகள் என்று சொல்லவில்லை. கோட்டின் மேல் பேனாவை இரண்டு தடவை தட்டிவிட்டு இவரை மட்டும் பார்த்தார். இவரும் தலையாட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஓய்வு பெற்றவர்களுக்காக நடந்த ஒரு முகாமில் ரத்தம் எடுத்தபோது ஓர் எண் கூடுதலாக வந்ததில் தொடங்கிய விஷயம் அது. பிறகு ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதனை. நல்லவேளையாக, நோய் அந்த உருண்டையை விட்டு வெளியே போகவில்லை. எலும்பிலும் ஒன்றும் இல்லை. நடுத்தர வகை என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து உருண்டையையே எடுத்துவிடலாம். அல்லது கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல், மாதாமாதம் இல்லாவிட்டாலும் அடிக்கடி ரத்தம் பார்த்து, வளர்கிறதா என்று கண்காணிக்கலாம்.

"எதில் பிழைப்பார்?" என்று கேட்டேன்.

டாக்டர் மராட்டியில் சித்தியைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிட்டார். "காக்கூ, இவர் நிலைமையில் உயிரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்காது" என்றார். "வித்தியாசம் அதற்குப் பிறகு வாழும் வாழ்க்கையில்தான்."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. என்ன வித்தியாசம்? யாருக்கு?

என் வேலை அப்படி. போசரியில் சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தேன். மூன்று விதமான சுவிட்சுகளை மெஷினில் மாட்டி, ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைத்து, எது எப்போது எந்த இடத்தில் பழுதாகிறது என்று பார்ப்போம். மூன்றிலும் விளக்கு எரியத்தான் எரியும். பழுதாகும் விதம்தான் வேறு வேறு.

இவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். கண்காணிக்கும் வழியை பஸ் ஏறும் முன்னாலேயே தள்ளிவிட்டார்.

"சந்தேகம் உள்ள சரக்க ஷெட்ல வெச்சிக்கினு எவனாவது தூங்குவானா? எடுத்துப் போட்டுடலாம். அவ்ளோதான்."

"இன்னொரு டாக்டரையும் கேட்டுப் பாக்கலாங்க."

"இன்னாத்துக்கு?"

அதற்கு ஹடப்சரில் இருக்கும் மகள்தான் போனில் பதில் சொன்னாள். மகர்பட்டாவில் அவள் ஆபீஸில் ஒருவருடைய அத்தை கதிர்வீச்சு டாக்டர். அவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். "ம்மா, ரெண்டு சைடும் கேளு. தென் டிசைட் பண்ணு" என்றாள்.

கேட்டோம். முதலில் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டருக்கு அறுவை சிகிச்சை மேல் என்று பட்டது. கதிர்வீச்சு டாக்டருக்குக் கதிர்வீச்சு மேல் என்று பட்டது. இருவரும் நல்லவர்கள்தான், பொய் சொல்லவில்லை. புடவைக் கடைக்காரரிடம் போய் வேட்டி வாங்கலாமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

ஆனால் அந்தக் கதிர்வீச்சு அம்மா ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு படிவத்தைக் கொடுத்தார். சிகிச்சைக்கு முன்னால் இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கும் படிவம். பின்னால் அதையே மறுபடி நிரப்பினால் எது எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியுமாம். "உண்மையை எழுதுங்கள். கூச்சப்பட்டு எழுதினால் உங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறீர்கள்" என்றார்.

படிவம் மராட்டியில் இருந்தது. இவருக்கு மராட்டி பேச வரும், படிக்க வராது. நான் மகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து படிக்கக் கற்றவள். மூத்திரம், மலம் என்று போகும் படிவத்தை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பிற்பகலில், நிக்டி வீட்டில், சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். நான் மராட்டியில் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும்.

முதல் பக்கம் சுலபம். கடந்த நான்கு வாரங்களில் மூத்திரம் எத்தனை தடவை கசிந்தது, எத்தனை தடவை அவசரமாக ஓட வேண்டியிருந்தது. இரண்டாம் பக்கம் மலம். மூன்றாம் பக்கத்தைத் திருப்பியதும் எனக்குச் சொல் நின்றுவிட்டது.

மராட்டியில் 'தாட்' என்றால் நிமிர்ந்து விறைப்பாக இருப்பது. கழுத்துக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். மானத்தோடு வாழ்கிறவரைக் கழுத்து தாட்டாக நடக்கிறார் என்பார்கள். இங்கே அது கழுத்தைப் பற்றி இல்லை. அதற்குத் தமிழில் எங்கள் வீட்டில் என்ன சொல்வது? எத்தனையோ வருஷம் எல்லாம் நடந்திருக்கிறது. ஒரு நாளும் பேர் வைத்து யாரும் பேசவில்லை.

"இன்னா, நின்னுட்ட?" என்றார்.

"விறைப்பு எப்படி இருக்குதுன்னு கேக்குறாங்க."

"கழுத்தா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு புரிந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

"நல்லா இருக்குதுன்னு போடு."

நான் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பாக்குற?"

"உண்மைய எழுதச் சொன்னாங்க. ரெண்டு வருஷமா எப்பவாவது ஒரு நாள்தான். அதுவும் பாதியில..."

"செரி, செரி. சுமார்னு போடு."

சுமார் என்று போட்டேன். அடுத்த கேள்வி: இது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சனை? பிரச்சனையே இல்லை என்பதிலிருந்து பெரிய பிரச்சனை வரை ஐந்து கட்டம். அவர் எட்டிப் பார்த்துக் கட்டங்களை எண்ணினார். "நடுவுல போடு" என்றார். போட்டேன். அந்தப் படிவத்தில் 'உங்களுக்கு' என்றால் அவருக்குத்தான். மனைவிக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன்.

படிவத்தை மடித்து வைத்த பிறகு எனக்குத் தோன்றியது: டாக்டர்களைக் கேட்டாயிற்று. இனி அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

முதல் வீடு எங்கள் காலனியிலேயே இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மராட்டியக் குடும்பம். வீட்டுக்காரர் ஒரு ஸ்கூட்டர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் ரோபோவை வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவர் மனைவியைக் காய்கறிச் சந்தையில் எனக்குத் தெரியும். கேட்டதும், "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாய்க்கு வாங்க" என்றார்.

ஆண்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறைக்குப் போனேன். ஹாலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கணீரென்று கேட்டது: "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்! மூணாவது நாள் வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை."

சமையலறையில் அந்த அம்மா இஞ்சியைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். கணவர் முதல் மூன்று மாதம் பேட் வைத்துக்கொண்டுதான் இருந்தாராம். இருமினால் கசியும், தும்மினால் கசியும், எழுந்து நின்றால் கசியும். தினமும் பயிற்சி செய்து செய்து இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது. "பெரும்பாலும்" என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். பூங்காவில் காலையில் கூடிச் சிரிக்கும் ஹாஸ்ய கிளப்புக்கு மட்டும் இப்போது போவதில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"சிரிச்சா வருது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "ஆனா ஒண்ணு சொல்லணும். முன்னால ராத்திரி அஞ்சு தடவை எழுந்திருப்பார். இப்போ ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கறோம். புத்துநோய் வெளியே போச்சுங்கற தைரியம் வேற."

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பிஸ்கட் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தேன். அவரே புரிந்துகொண்டார்.

"அது போயிடுச்சு. நரம்பைக் காப்பாத்தப் பார்த்தாங்க, முடியலை. மாத்திரை கொடுத்தாங்க, பலனில்லை. அவருக்கு ரொம்ப துக்கம்."

"உங்களுக்கு?"

சாயை வடிகட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "எனக்கா? என்னை இதுவரைக்கும் யாரும் கேட்கலையே" என்றார். அவ்வளவுதான். கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் உற்சாகமாக இருந்தார். "பாத்தியா? ஒரு தொந்தரவும் இல்லன்றாரு."

நான் சமையலறையில் கேட்டதைச் சொன்னேன். இவர் தெருவிளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். "ஒரே ஆளப் பத்தியா ரெண்டு பேரும் சொன்னாங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இவருக்கும் என்னுடைய ஆர்வம் தொற்றிக்கொண்டது. அடுத்த வீட்டை இவர்தான் கண்டுபிடித்தார். கேம்ப் கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகச் செருப்பு வாங்கும் கடைக்காரர். வாணியம்பாடிக்காரர், எங்கள் திருப்பத்தூர்ப் பேச்சைக் கேட்டாலே ஸ்டூலை இழுத்துப் போடுகிற முஸ்லிம் பெரியவர். அவருக்குக் கதிர்வீச்சு நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு நோய் கொஞ்சம் முரட்டு வகை என்பதால் கூடவே ஹார்மோன் ஊசியும் போட்டிருந்தார்கள். கடைக்கு மாடியிலேயே வீடு. மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்.

அங்கே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில்லை, ஒரு மேடைதான். ஆகவே நாலு பேரும் ஒன்றாகவே பேசினோம். அவர் எதையும் மறைக்கிற ஆளாகவும் இல்லை.

"மெஷின்ல படுக்கிறது ஒண்ணுமே இல்ல தங்கச்சி. வலி கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்த ஊசிதான் ஆள அடிச்சிடுச்சு. சும்மா ஒக்காந்துக்கினு இருப்பேன், கால்லருந்து தலைக்கு நெருப்பு மாதிரி ஏறும். சட்ட நனஞ்சிடும். அஞ்சு நிமிஷத்துல குளிரும்."

அவர் மனைவி கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "எனக்கு மாசாமாசம் வர்றது நிக்கிற வயசுல அப்படித்தான் வந்துச்சு. ஃபேன் போடுவேன். குளிருதுன்னு இவரு நிறுத்துவாரு. 'எல்லாம் ஒன் நெனப்பு'ன்னு திட்டுவாரு. அல்லா இவருக்கும் காட்டிட்டான்."

"நான்தான் மன்னிப்பு கேட்டேனே."

"பத்து வருஷம் கழிச்சுக் கேட்டீங்க."

ஊசி நின்ற பிறகு அந்தச் சூடு போய்விட்டதாம். சோர்வு போக இன்னும் பல மாதம் ஆனது. மூத்திரம் கசிவதில்லை, ஆனால் வந்தால் பொறுக்காது. வயிறும் அப்படித்தான், அழைத்தால் உடனே போயாக வேண்டும். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு நிற்கும்போதே சில நாள் மறுபடி போய்ச் செய்துவிட்டு வர வேண்டியிருக்கும். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் கதவோரமாக நிற்கிறார். "மொத வரிசையில நின்னு பழகுனவன். ஒரு மாதிரி இருந்துச்சு. இப்போ பழகிடுச்சு" என்றார்.

நான் மேடைக்கு அந்தப் பக்கம் போய் அவர் மனைவியிடம் மட்டும் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊசி போட்ட நாளையில ஆசையே இல்ல. என்னைய ஒரு அக்கா மாதிரி பாத்தாரு. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. முடியிது முடியல, அது வேற விஷயம். இப்போ கொஞ்சம் திரும்பியிருக்கு. பரவாயில்ல."

பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சிவாஜிநகர் தாண்டியதும் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எல்லார் வீட்டுப் பொம்பளைங்களையும் கேட்டியே. நீ இன்னா சொல்ற? ஒனக்கு எது தேவலாம்?"

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். உண்மையிலேயே இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் துணி உலர்த்தும்போது சொன்னேன்.

"கசிஞ்சா தொவைக்கலாம், அது ஒண்ணும் பெரிசில்ல. அந்த மூணாம் பக்கத்து விஷயம் போனாலும் போவட்டும். ஆனா அது போச்சுன்னு நீங்க செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினு, மேல கைகூடப் போடாம, ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்கன்னா அது என்னால ஆவாது."

அவர் ஒரு லுங்கியை உதறி எனக்கு எடுத்துக் கொடுத்தார். "செரி" என்றார். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "நான் அப்படித்தான் செய்வேன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"ரெண்டு வருஷமா அப்படித்தான செய்றீங்க."

கடைசியில் இவர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். காரணத்தை டாக்டரிடமே சொன்னார். இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய சகாக்கள் இரண்டு பேரோடு மலைமேல் இருக்கும் சிங்ககட் கோட்டைக்கு ஏறுகிறவர். "ஒவ்வொரு அடிக்கும் கசிஞ்சா மலை ஏற முடியாது மேடம். அவசரமா வந்தா பரவால்ல, மலையில எங்க வேணா ஒதுங்கலாம்." டாக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டு, இதுவரை ஒருவரும் இப்படிக் கணக்குப் போட்டு வந்ததில்லை என்றார். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலருக்குக் கசிவு முழுவதும் நின்றுவிடும் என்பதையும், கதிர்வீச்சில் சில பாதிப்புகள் வருஷங்கள் கழித்து மெதுவாக வரும் என்பதையும் நேர்மையாகச் சொன்னார். இவர் நோய்க்கு ஹார்மோன் ஊசி வேண்டாம் என்று முடிவானது. எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

இருபது நாள் சிகிச்சை. மூத்திரப்பை நிரம்பி இருந்தால்தான் கதிர் சரியான இடத்தில் விழுமாம். ஆகவே போய்ச் சேர்ந்ததும் குடலைக் காலி செய்துவிட்டு, அளந்து தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் கூடத்தை நான் மறக்கவே மாட்டேன். ஆறேழு பெரிய மனிதர்கள், எல்லாரும் தண்ணீர் குடித்தவர்கள். ஒருவர் காலை மாற்றி மாற்றிப் போடுவார். ஒருவர் சுவரோரமாக நடப்பார். உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "காகா, பாணி ப்யாலாத் கா?" என்று கேட்பாள். தண்ணீர் குடித்தீர்களா என்று அவள் கேட்கும்போதே இவர் முகம் சுளியும்.

ஒரு நாள் மெஷின் நின்றுவிட்டது. அரை மணி நேரம் என்றார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் என்றார்கள். முதலில் ஓர் ஓய்வு பெற்ற பேராசிரியர் சரணடைந்து கழிவறைக்கு ஓடினார். அடுத்து ஒரு விவசாயி. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். மெஷின் சரியாகி இவரைக் கூப்பிடும்போது கூடம் முழுவதும் கைதட்டியது. முதல் நாளிலிருந்து ஒருவரோடொருவர் பேசாத மனிதர்கள் அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசினார்கள் தெரியுமா? யாருக்கு எத்தனை தடவை, யாருக்கு எரிச்சல், யாருக்கு வயிறு. ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நான் பக்கத்து நாற்காலியில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

மூன்றாவது வாரத்தில் மூத்திர எரிச்சல் வந்தது. முடிந்த பிறகு ஒன்றரை மாதம் சோர்வு. மலை ஏற மூன்று மாதம் ஆனது, அதுவும் முதல் தடவை பாதி வழியில் இருக்கும் மோர்க் கடைவரைதான். ஒரு வருஷம் கழித்து ஒரு காலையில் மலத்தில் ரத்தம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். கதிரின் விளைவுதான், நோய் இல்லை என்றார்கள். சில மாதத்தில் அதுவும் அடங்கியது.

மூன்றாம் பக்கக் கேள்விக்கு என்ன பதில் என்று கேட்டால், சுமாரிலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரை சில நாள் உதவுகிறது, சில நாள் இல்லை. உதவாத நாளில் அவர் திரும்பிப் படுத்துக்கொள்வதில்லை. எதையாவது பேசிக்கொண்டிருப்போம், பெரும்பாலும் மகளைப் பற்றி.

ரத்தத்தில் அந்த எண் இப்போது அடியில் கிடக்கிறது. நான் டாக்டர் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன்: அறுவை சிகிச்சை செய்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பாரா? மோசமாக இருந்திருப்பாரா? கம்பெனியில் என்றால் மூன்று சுவிட்சை ஒரே நேரத்தில் மாட்டிப் பார்ப்போம். இங்கே ஒரு மனிதர்தான் இருக்கிறார். "அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை காக்கூ" என்றார் அவர். தெரியாமலேயே போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை. சந்தையில் அந்த மராட்டிய அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கணவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறேன். அவரும் இவரைப் பற்றி விசாரிக்கிறார். தக்காளி பொறுக்கிக்கொண்டே இரண்டு பேரும் எல்லாம் பேசிவிடுவோம்.

போன ஞாயிறு மகள் வீட்டுக்குப் போனோம். நிக்டியிலிருந்து ஹடப்சருக்கு ரோடு முழுக்க வண்டிகள். வழியில் இவர் அவசரத்துக்கு இரண்டு இடத்தில் இறங்க வேண்டியிருந்தது. இரண்டாவது இடம் ஒரு பெட்ரோல் பங்க். நான் பையோடு வெளியே நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பரவால்ல, சுத்தமா வெச்சிருக்கான். நீயும் போய்ட்டு வந்துடு" என்றார். போய்விட்டு வந்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.